பட்டம் பார்த்து சர்வீஸ்: டெல்டாவில் ஒரு பழைய டீசல் இண்டிகா

எங்கள் வீட்டு இண்டிகா 2006 மாடல். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 1,405 சிசி இன்ஜின், பெல்ட் சுற்றிவிடும் ரோட்டரி டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்ச நாலு நாசில், ஆறிய இன்ஜினுக்குச் சூடு தர நாலு ஹீட்டர் பிளக், அவ்வளவுதான். டாடா இந்தக் காரை 2018-லேயே நிறுத்திவிட்டது. ஊர் ஊராக டாக்சியாக ஓடிய வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கு மட்டும் இன்னும் பஞ்சம் வரவில்லை. பத்து வருஷம் தாண்டிய டீசல் காரைத் தெருவில் விடாதே என்கிற உத்தரவு டெல்லிக்குத்தான் வந்தது. நமக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் இருந்துகொண்டு இதைச் சொந்தக் கையால் பராமரித்துவருகிறேன். நான் மெக்கானிக் இல்லை, விவசாயக் குடும்பம்.

கம்பெனி கையேடு சர்வீஸைக் கிலோமீட்டர் கணக்கில் சொல்கிறது. டெல்டாவில் அந்தக் கணக்கு பாதிதான் உதவும். அறுப்புத் தூசியும் ஐப்பசி மழையும் வயல் எலியும் கடலோர உப்பும்தான் இங்கே வண்டியைத் தின்கின்றன. இவை மாதம் தவறாமல் முறை வைத்து வருகிறவை. அதனால் நான் பட்டத்தை, அதாவது பயிர்ப் பருவத்தைப் பார்த்தே காரைத் திறக்கிறேன். குறுவை அறுப்பு முடிந்ததும் மழைக்கு முந்தைய வேலை, தை மாசியில் சம்பா அறுத்ததும் தூசி வேலை, மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்கு முன்னால் கோடையில் பெரிய வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைமடையில் வளர்ந்தவனுக்கு டீசல் இன்ஜின் புதிதல்ல. ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் ஆயில் இன்ஜினை வரப்பில் வைத்து, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்து, கைப்பிடி போட்டுச் சுற்றிய தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வராத டீசல் காரும் அதே சாதிதான். டீசல் காற்றில்லாமல் போய்ச் சேர வேண்டும், சிலிண்டரில் சூடு இருக்க வேண்டும், எரிவதற்குக் காற்று தாராளமாக வர வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

காலை ஸ்டார்ட்டிங் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். பழைய இண்டிகா வைத்திருக்கிற எல்லோரும் ஒரு நாள் இதில் வந்து நிற்பார்கள். செல்ப் வெகுநேரம் சுற்றும், வண்டி லேசாகத் தும்மும், அப்புறம் ஒரு குலுக்கலோடு பிடிக்கும். ஒரு தடவை பிடித்துவிட்டால் சாயங்காலம் வரை ஒரு குறையும் இருக்காது. உடனே பம்பைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அதற்கு முன்னால் ஒரு ஆளை சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள். நீங்கள் செல்ப் அடிக்கும்போது பின்னால் வெள்ளையாகப் புகை வருகிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போய்விட்டது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. டீசல் குழாயில் காற்று பிடித்திருக்கிறது, இல்லை பம்பில் டீசல் வழியைத் திறந்து மூடும் ஸ்டாப் சாலினாய்டு திறக்கவில்லை. இந்த ஒரு நிமிஷச் சோதனை எத்தனையோ வீண் செலவை நிறுத்தியிருக்கிறது.

நம் ஊர் வெயிலில் ஹீட்டர் பிளக் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் மேல் பீய்ச்சப்படுவதில்லை. சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டில் உள்ள சின்ன அறையில் பாதி எரிந்துவிட்டுத்தான் கீழே வருகிறது. அழுத்தத்தில் பிறக்கிற சூட்டை அந்த அறையின் சுவர் குடித்துவிடும். அதனால் மார்கழிப் பனியில் மட்டும் இல்லை, சித்திரைக் காலையிலும் ஆறிய இன்ஜினுக்குப் பிளக் வேண்டும். நாலில் ஒன்று போனால் வண்டி பிடிக்கும், ஆனால் முதல் ஒரு நிமிஷம் மூன்று காலில் நடக்கும். இரண்டு போனால் பேட்டரியும் செல்ப் மோட்டாரும் சேர்ந்து அடிவாங்கும்.

சோதிப்பது சுலபம். நாலு பிளக்கையும் இணைக்கிற பட்டையைக் கழற்றிவிடுங்கள். இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சேர்த்து, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். பல்பு எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் போய்விட்டது. நாலும் எரிந்தும் காலையில் சண்டித்தனம் செய்தால் கரண்ட் வருகிறதா என்று ரிலேயையும் பெரிய ஃபியூஸையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றுவதில் மட்டும் அவசரம் கூடாது. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, துரு இளக்கும் ஆயில் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்க வேண்டும். பலம் காட்டினால் பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அதை எடுக்க லேத் பட்டறை வரை போக வேண்டியிருக்கும்.

அடுத்தது காற்று. டீசல் ஒழுகும் இடத்தைத் தேடினால் இந்தக் கோளாறு அகப்படாது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசலை இழுப்பது பம்புக்குள்ளேயே இருக்கும் அமைப்பு. இழுக்கிற பக்கத்தில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. தரை காய்ந்துதான் இருக்கும், ராத்திரி முழுக்க டீசல் மெதுவாக டேங்குக்குத் திரும்பிப்போயிருக்கும். இதற்கு நான் செய்வது ஒன்றுதான். பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் கருப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஹோஸை அதே அளவில் தற்காலிகமாக மாட்டிவிடுவேன். இன்ஜின் ஓடும்போது அதில் கடுகு மணி போலக் குமிழ்கள் ஓடுவது தெரியும். அப்புறம் டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகப் போக வேண்டியதுதான். பில்டர் ரப்பர் வாசர், டீசலைக் கையால் அமுக்கி ஏற்றும் பிரைமரின் டயாபிரம், வெயிலில் காய்ந்து வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், இந்த நாலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

மிச்ச டீசலைத் திருப்பி எடுத்துப்போக நாசிலுக்கு நாசில் ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸையும் கையோடு பாருங்கள். அதைச் சுற்றித் தூசி ஈரமாக ஒட்டியிருந்தால் மாற்றிவிடலாம், மீட்டர் கணக்கில் விற்கிற சாமான். வாங்கும்போது டீசலுக்கான ஹோஸ் என்று சொல்லிக் கேளுங்கள். மீன் தொட்டி ஹோஸை மாட்டிவிட்டு மூன்று மாதத்தில் கல் மாதிரி இறுகி நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க மாசு விதிப்படியான பி.எஸ்.6 டீசல் வந்தது. அதில் கந்தகம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு அளவுதான். ஊர்க் காற்றுக்கு நல்லது. ஆனால் கந்தகம் கூடுதலாக இருந்த டீசலிலேயே ஊறிப் பழகிய பழைய ரப்பர் சீல்கள் இதில் சுருங்கிக் கசிவதுண்டு. பம்பின் மேல் மூடியோரம் ஈரம் தெரிந்தால் சீல் மாற்றினால் போதுமா என்று முதலில் விசாரியுங்கள்.

காற்று எடுக்கிற முறை ஆயில் இன்ஜினில் செய்வதேதான். பில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, பிரைமரை அமுக்கிக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், அப்புறம் குமிழில்லாத டீசல் வரும். அது வந்துகொண்டிருக்கும்போதே திருகை முடுக்க வேண்டும். அமுக்குவதை நிறுத்திவிட்டு முடுக்கினால் ஒரு சொட்டுக் காற்று உள்ளே போய்விடும். பிறகு பம்புக்குள் போகிற இணைப்பிலும் இதையே செய்யலாம். அதற்கும் பிடிக்காவிட்டால் இரண்டு நாசிலின் இரும்புக் குழாய் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ப் அடிப்பார்கள். அங்கே கையை வைக்காதீர்கள், துணியைப் போர்த்துங்கள். அந்தக் குழாயில் அழுத்தம் 100 பாருக்கு மேல். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் வெளியே தெரியும், ஆனால் அதே நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

ஸ்டாப் சாலினாய்டு கதைக்கு எலி வேண்டும். சம்பா அறுத்து வயல் வெறுமையானதும் எலிகள் வைக்கோல் போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் வரும். பக்கத்தில் வெதுவெதுப்பாக ஒரு இன்ஜின் இருந்தால் விடுமா? ஒரு மாசி மாதக் காலையில் வண்டி சுற்றுகிறது, பிடிக்கவில்லை, புகையும் இல்லை. போனில் கேட்ட பட்டறையில், "பம்ப் போயிருக்கும் சார், இறக்கித்தான் பாக்கணும்" என்றார்கள். மச்சானைச் சாவி போடச் சொல்லிவிட்டு பம்ப் பக்கத்தில் காதை வைத்தேன். சாவியை ஆன் செய்ததும் பம்பில் ஒரு "டக்" கேட்க வேண்டும். டீசல் வழியைத் திறக்கிற சின்ன மின்காந்தம் அது. கரண்ட் இல்லாவிட்டால் வழி மூடியே இருக்கும், பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு சொட்டு டீசல் போகாது. அன்றைக்கு டக் இல்லை. அதே பல்பு வயரை சாலினாய்டு முனையில் வைத்தால் எரியவும் இல்லை. வயரைத் தடவிக்கொண்டே பின்னால் போனால், ஏர் பில்டர் டப்பாவுக்கு அடியில் சுத்தமாகக் கத்தரித்து வைத்திருந்தது, கூடவே வைக்கோல் மெத்தையும். இரண்டு முனையையும் சீவி இணைத்து, சுருங்கும் உறை போட்டு மூடியதோடு விஷயம் முடிந்தது.

எலிக்குப் புகையிலை, பூச்சி உருண்டை, மிளகுத்தூள் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை தஞ்சாவூர் கிட்டியில்தான். மூங்கிலை வளைத்துச் செய்கிற அந்தப் பொறியை வயலில் வைக்கிறவரிடமே சொல்லி, அறுப்பு முடிந்த வாரத்தில் ஷெட்டைச் சுற்றியும் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி பானெட்டைத் திறந்தே விடுவதும் உதவுகிறது. இருட்டும் அடைப்பும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்டாது.

அறுப்புக் காலத்தின் அடுத்த தொல்லை தூசி. அறுவடை மெஷின் ஓடுகிற வயலை ஒட்டி ஒரு கிலோமீட்டர் போனாலே சுணையும் பதரும் ஏர் பில்டருக்குள் ஏறிவிடும். வண்டி ஏற்றத்தில் கருப்பாகப் புகைத்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். பில்டராவது கண்ணுக்குத் தெரிகிற இடம். ரேடியேட்டர்தான் ஏமாற்றும். ஏசி உள்ள வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் நிற்கிறது. பதர் அதன் இடுக்கில் நுழைந்து இரண்டுக்கும் நடுவில் மெத்தையாகப் படியும். முன்னால் நின்று பார்த்தால் பளிச்சென்று இருக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே ஏற ஆரம்பிக்கும். எங்கள் பக்கத்தில் கூலிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கேட்டை விட நல்ல இடம் கிடையாது.

ரேடியேட்டரின் மேல் பிடிப்புகளைக் கழற்றி லேசாகப் பின்னால் சாய்த்தால் நடுவில் கை போகும். பிரஷ்ஷால் பதரை வாரிவிட்டு, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் துடுப்புகள் மடிந்துவிடும், அப்புறம் காற்றே போகாது. அதோடு ஃபேனையும் பாருங்கள். சூடேறியும் ஃபேன் சுற்றாவிட்டால் ரேடியேட்டரில் உள்ள சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றி இரண்டு வயரையும் இணைத்துப் பார்க்கலாம். சுற்றினால் சுவிட்ச் போயிருக்கிறது, சுற்றாவிட்டால் மோட்டாரோ ரிலேயோ. ரேடியேட்டருக்குள் ஊற்றுவதற்கு மட்டும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே போகப் போக நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. கூலன்ட்டோடு, பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள். ஒரு தடவை முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். அந்தச் செலவுக்கு முன்னால் கூலன்ட் விலை ஒன்றுமே இல்லை.

ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காய்கிற காலத்தில் இன்னொரு கவனம். வைக்கோல் முன் ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டு, ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கிழிக்கும், ஆயில் சீலை அறுக்கும். சைலன்சரில் சுற்றினால் தீயே பிடிக்கும். சரசரவென்று சத்தம் கேட்டால் ஓரங்கட்டி, சூடு தணியவிட்டுப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்த உறையில் விரிசல் இருந்து கிரீஸ் தெறித்திருந்தால் உடனே மாற்றுங்கள். மண் உள்ளே போனால் முழு ஜாயிண்டும் போகும்.

மழைக்கு முந்தைய வேலையில் முதலிடம் டீசல் பில்டருக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் திருகு. காலியான கண்ணாடி மருந்து பாட்டிலை அடியில் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்துங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் நிற்கும், டீசல் மேலே மிதக்கும், நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும். அடியில் ஒன்றும் நிற்காதவரை வடியவிட வேண்டும். ரோட்டரி பம்புக்குள் மசகு வேலையையும் டீசலே செய்கிறது, தண்ணீர் போனால் உள்ளே துருப்பிடித்து உரசிக்கொள்ளும். மைலேஜ் கூடும் என்று மண்ணெண்ணெய் கலக்கிறவர்களின் பம்ப் சீக்கிரம் போவதற்கும் காரணம் இந்த வழவழப்புக் குறைவுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரை கடந்தது. அப்புறம் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கென்று வாங்கிய டீசல் கேன் கேனாக வீடுகளில் இருந்தது. மிஞ்சியதைக் கார்களில் ஊற்றியபோதுதான் மழைத் தண்ணீர் எவ்வளவு கலந்திருந்தது என்று பலருக்கும் தெரிந்தது. கேன் டீசலை ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, மேலாக வடித்து, அடியில் உள்ளதை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருந்தால் உள்ளே நீர் கோப்பதும் குறையும்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் செல்ப் அடிக்கவே கூடாது. இந்த மாதிரி டீசல் இன்ஜின் காற்றை 20 மடங்குக்கு மேல் நசுக்குகிறது. தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய் ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம் தெரிந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. கியர் பாக்ஸ் ஆயிலையும் மறக்க வேண்டாம்.

கோடியக்கரை, வேளாங்கண்ணி போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதும், சக்கர வளைவுக்குள் அப்பிய களிமண்ணைச் சுரண்டுவதும், கதவின் அடியில் இருக்கும் நீர்த்துளைகளைக் குச்சியால் குத்திவிடுவதும் போதும். உப்பு அதிகம் தொல்லை தருவது எர்த் வயரில்தான். செல்ப் சோம்பலாகச் சுற்றினால் புது பேட்டரி வாங்கக் கிளம்பாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, வாசலின் தடவுங்கள்.

ஆயில் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 15டபிள்யூ-40 டீசல் ஆயில், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, ஓடாவிட்டாலும் வருஷத்தில் ஒரு தடவை. மாற்றிய மறுநாளே கருப்பாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், டீசலில் அப்படித்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். கிளட்ச் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் நம் ஊரில் இடம் குறைவு, எங்கே பார்த்தாலும் சமதரை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்திருக்கிறது. கொடைக்கானல் கிளம்பும் முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

கை வைக்கக் கூடாத வேலைகளும் இருக்கின்றன. நாசில் பிரஷர் வைப்பதற்கு அதற்கென்று மெஷின் வேண்டும். பம்பைப் பிரிப்பது வேறு கலை. கும்பகோணத்தில் பம்ப் வேலை பார்க்கும் பாய் ஒருவர் எனக்குச் சொன்னது: "தம்பி, பம்பைக் கழட்டாம வண்டியோட வாங்க, பாதிக் காசு மிச்சம். நீங்களே கழட்டிட்டு வந்தா டைமிங் வைக்கிறதுக்கு வேற தனியா அழணும்." காற்றும் பிளக்கும் வயரும் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு அவரிடம் போனால், அவருக்கும் நேரம் மிச்சம்.

வால்வையும் பிஸ்டனையும் ஒரே கணக்கில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான், கடையில் கொடுத்தே மாற்றுகிறேன். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், பிறகு கார் விலைக்குச் செலவு வரும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும் என்பதால் கையேட்டில் உள்ள கிலோமீட்டரையும் வருஷத்தையும் சேர்த்துப் பார்த்து, எது முன்னால் வருகிறதோ அதில் மாற்றிவிட வேண்டும். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பெல்ட் கவர் மேலேயே தேதியையும் கிலோமீட்டரையும் பெயிண்டில் எழுதி வாங்கிவிடுங்கள். பில் தொலைந்துபோகும், கவர் வண்டியோடுதான் இருக்கும்.